நிதானம் பற்றின்மை ஆகுமா?

ஃபார்முலா ஒன் உலகப் பட்டம் கடைசிப் பந்தயம் வரை முடிவாகாமல் இழுபறியில் நிற்கும் ஆண்டுகள் உண்டு. அந்த வாரத்தில் பட்டத்துக்குப் போட்டியிடும் ஓட்டுநரிடம் யார் மைக்கை நீட்டினாலும் ஏறக்குறைய ஒரே பதில்தான் வரும். புள்ளிப் பட்டியலைப் பார்ப்பதில்லை, பட்டத்தை நினைப்பதில்லை, அடுத்த சுற்றைச் சரியாக ஓட்டுவது மட்டுமே என் வேலை என்பார். நம் காதுக்கு இது உடனே கீதையாகக் கேட்கிறது. பலனில் கண் வைக்காமல் செயலைச் செய் என்று குருக்ஷேத்திரத்தில் அருச்சுனனுக்குச் சொன்னதை இவர் ஓடுதளத்தில் செய்துகாட்டுகிறார் என்று தோன்றுகிறது. தன்முன்னேற்றப் புத்தகங்களும் மேலாண்மைப் பயிற்சி வகுப்புகளும் இந்த ஒப்புமையைச் சலிக்காமல் சொல்லிவருகின்றன. இந்த ஒப்புமை தவறு என்பதே என் கட்சி. நெருக்கடியில் நிதானம் இழக்காமல் இருப்பது பெரிய திறமை, மதிக்கவேண்டிய திறமை. அது பற்றின்மை அல்ல. இரண்டையும் ஒன்றாகக் குழப்பும்போது ஓட்டுநரின் திறமை எங்கே இருக்கிறது என்பது நமக்குத் தெரியாமல் போகிறது. பற்றின்மை என்று நம் மரபு சொன்னதும் வெற்றிக்கான ஓர் உத்தியாகச் சுருங்கிவிடுகிறது. இரண்டாவது இழப்புதான் என்னை அதிகம் உறுத்துகிறது.

அந்த நிதானம் எதனால் ஆனது என்பதை முதலில் பார்க்கவேண்டும். மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு விநாடியில் 83 மீட்டர் கடக்கிறது. வளைவுக்கு முன்னால் பிரேக்கை மிதிக்கவேண்டிய இடத்தில் பத்தில் ஒரு பங்கு விநாடி தாமதித்தால் கார் எட்டு மீட்டர் தள்ளிப் போயிருக்கும். அந்த எட்டு மீட்டரில் சக்கரம் உருளாமல் வழுக்கும், வளைவின் உள்விளிம்பு தவறும், பின்னால் வருபவர் அந்த இடைவெளியில் புகுந்துவிடுவார். பிரேக் மிதிக்கும் அந்த நேரத்தில் தலையின் எடையைப்போல நான்கைந்து மடங்கு விசை அதை முன்னே இழுக்கிறது. இதயம் நிமிடத்துக்கு 150 தடவைக்கு மேல் அடித்துக்கொண்டிருக்கிறது, அதுவும் ஒன்றரை மணி நேரம். இந்த நிலையில் இன்னும் மூன்று புள்ளி கிடைத்தால் நான் உலகச் சாம்பியன் என்ற நினைப்புக்கு மனத்தில் இடம் கொடுக்க முடியாது. அதற்குத் தத்துவம் வேண்டாம், கணக்கே போதும். கவனம் சிதறினால் அந்தச் சிதறல் மீட்டர்களாகக் காரின் பாதையில் தெரிந்துவிடும். ஆகவே பலனை ஒதுக்கிவைப்பது இந்தத் தொழிலுக்கு வேண்டிய பயிற்சிகளில் ஒன்று. பிரேக் போடும் இடத்தைப் பழகியவர்கள் இதையும் பழகுகிறார்கள்.

நிக்கோ ரோஸ்பர்க் இதற்குத் தெளிவான சாட்சி. 2016 நவம்பர் 27 அன்று அபுதாபியில் உலகப் பட்டம் வெல்ல அவருக்கு முதல் மூன்று இடங்களில் ஒன்று கிடைத்தால் போதும். முன்னால் ஓடியவர் லூயிஸ் ஹாமில்டன், அதே மெர்சிடிஸ் அணிக்காரர். பின்னால் வருபவர்கள் ரோஸ்பர்க்கை எட்டிப் பிடிக்கட்டும் என்று அவர் கடைசிச் சுற்றுகளில் வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்தார். முந்தத் துணிந்தால் மோதலாகலாம், துணியாமல் இருந்தால் பின்னாலிருந்து செபாஸ்டியன் வெட்டல் நெருங்கிக்கொண்டே இருக்கிறார். அந்தச் சுற்றுகளைப் பிசகில்லாமல் ஓட்டி ரோஸ்பர்க் இரண்டாவதாக வந்தார், ஐந்து புள்ளி வித்தியாசத்தில் பட்டம் வென்றார், ஐந்தாம் நாள் பந்தயத்திலிருந்து ஓய்வை அறிவித்தார். மனப்பயிற்சிக்கும் தியானத்துக்கும் தாம் கொடுத்த உழைப்பைப் பற்றி அவரே பேசியிருக்கிறார். பட்டம் வேண்டும் என்பதற்காகவே பட்டத்தை மறக்கப் பழகியவர் அவர். இதில் குறைசொல்ல எதுவுமில்லை. ஆசையை அறுத்து விலகியவர் என்று மட்டும் அவரைச் சொல்ல முடியாது. ஆசை நிறைவேறி விலகியவர்.

வள்ளுவர் இந்த இரண்டையும் வேறு வேறு இடத்தில் வைத்திருக்கிறார். சோர்வில்லாத முயற்சியைச் சொல்லும் ஆள்வினையுடைமை 62ஆம் அதிகாரம். துன்பத்தில் கலங்காமையைச் சொல்லும் இடுக்கணழியாமை அதையடுத்த 63. இரண்டும் பொருட்பாலில், உலகத்தில் நின்று காரியம் சாதிக்கவேண்டியவனுக்குச் சொன்னவை. அவாவறுத்தல் 37ஆம் அதிகாரம். அறத்துப்பாலில், துறவறத்தின் முடிவில், ஊழுக்கு முன்னால் வருகிறது. இடுக்கணழியாமையிலேயே இன்பத்தை விரும்பாதவனுக்குத் துன்பமில்லை என்ற பொருளில் குறள் இருக்கிறதே என்று ஒருவர் கேட்கலாம். இருக்கிறது. விருப்பமின்மை கலங்காமைக்கு ஒரு வழி என்று அங்கே ஒப்புக்கொள்ளும் வள்ளுவர், அதே அதிகாரத்தில் கடக்க முடியாத இடத்திலெல்லாம் வண்டியை இழுத்துப் போகும் எருதையும் காட்டுகிறார். எருது எதையும் துறக்கவில்லை. விடாமல் இழுக்கிறது, அவ்வளவுதான். கலங்காமைக்குப் பல வழிகள் உண்டு, வெல்லவேண்டும் என்ற பிடிவாதமும் அவற்றில் ஒன்று. வெற்றியை வெறியோடு விரும்புகிறவனுக்குத்தான் கலங்காமை மிக அதிகமாகத் தேவைப்படும்.

கீதை போர்க்களத்தில்தானே சொல்லப்பட்டது, வெல்வதற்காகச் செய்யும் போரில் பற்றின்மை கூடும் என்றால் பந்தயத்தில் ஏன் கூடாது என்று கேட்பது நியாயம். கூடும் என்றே நானும் நினைக்கிறேன். அதை எங்கே தேடுவது என்பதில்தான் மாறுபடுகிறேன். கீதை கேட்பவை இரண்டு. பலனைப் பற்றிய எண்ணம் செயலைக் கெடுக்கக்கூடாது என்பது ஒன்று. வெற்றியும் தோல்வியும் வந்தபின் இரண்டிலும் சமமாக நிற்கவேண்டும் என்பது மற்றொன்று. முதலாவது பந்தயம் நடக்கும்போதே சோதிக்கப்படுகிறது, தேறியவருக்குப் பரிசும் கிடைக்கிறது. இரண்டாவதுக்குச் சோதனை, பலன் கையை விட்டுப் போகும் நேரத்தில்தான். கோப்பையை ஏந்தி நிற்பவரிடம் அது இருக்கிறதா என்று வெளியிலிருந்து சொல்ல வழியில்லை.

ரோமானிய எழுத்தாளர் சிசரோ ஸ்டோயிக் கொள்கையை விளக்க ஒரு வில்லாளியைக் காட்டுகிறார். குறியில் படவேண்டும் என்பதற்காக அவன் செய்யக்கூடியதெல்லாம் செய்வான்; ஆனால் அவனுடைய உண்மையான நன்மை அம்பு குறியில் படுவதில் இல்லை, எல்லாவற்றையும் சரியாகச் செய்து எய்ததில் இருக்கிறது. அழகான எடுத்துக்காட்டு, ஆனாலும் எனக்குப் போதவில்லை. அந்த வில்லாளிக்கு எதிரில் யாரும் இல்லை. பட்டப் போட்டியில் அதே பலனை அதே அளவு விரும்பும் இன்னொரு மனிதர் பக்கத்துத் தடத்தில் இருக்கிறார், சபலமெல்லாம் அவர் வழியாகத்தான் வருகிறது. அடிமையாக இருந்து தத்துவ ஆசிரியரான எபிக்டெட்டஸ் சொல்லும் பொதுக்குளியல் கூடம் இங்கே அதிகம் உதவும். அங்கே தண்ணீரை வாரி இறைப்பவர்கள், இடிப்பவர்கள், திட்டுபவர்கள், திருடுபவர்கள் எல்லோரும் இருப்பார்கள். போவதற்கு முன்பே, நான் குளிக்கவும் வேண்டும், என் மனத்தைச் செம்மையாக வைத்துக்கொள்ளவும் வேண்டும் என்று இரண்டையும் சேர்த்து விரும்பிக்கொள் என்கிறார் அவர். இந்த இரட்டை விருப்பத்தைத்தான் பந்தயத்துக்குரிய பற்றின்மை என்று நான் கொள்கிறேன். பட்டத்தை விரும்பாமல் இருக்க வேண்டியதில்லை. அதை முழு மூச்சாக விரும்பலாம். அதோடு கூடவே, அதற்காக விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று இன்னொன்றும் மனத்தில் இருக்கவேண்டும். இரண்டும் ஒரே திசையில் போகும்வரை இரண்டாவது கண்ணுக்குத் தெரியாது. மோதும்போதுதான் தெரியவரும்.

அயர்ட்டன் சென்னா இந்தக் கேள்விக்கு மிகவும் வேண்டிய மனிதர், ஏனென்றால் அவரிடம் எல்லாமே உச்சத்தில் இருந்தன: திறமை, பக்தி, பற்று. 1988 மே மாதம் மொனாக்கோ தகுதிச்சுற்றில், அதே மெக்லாரன் அணியில் அதே வகைக் காரை ஓட்டிய ஆலன் புரோஸ்டைவிட 1.4 விநாடிக்கும் மேல் வேகமாக ஓட்டினார். நூறில் ஒரு பங்கு விநாடிக்காகப் போராடும் உலகத்தில் அது நம்ப முடியாத இடைவெளி. அப்போது தாம் நினைவால் ஓட்டவில்லை என்றும், வேறொரு தளத்தில் இருந்ததாகவும், அது உறைத்ததும் பயந்து வேகத்தைக் குறைத்துத் திரும்பிவிட்டதாகவும் பின்னாளில் விவரித்தார். செய்பவனும் செயலும் ஒன்றாகிவிட்ட நிலை என்று யோகிகள் பேசுவதற்கு இவ்வளவு அருகில் வரும் சாட்சியம் விளையாட்டில் அரிது. மறுநாள் பந்தயத்தில் ஏறக்குறைய ஒரு நிமிடம் முன்னிலையில் இருந்தபோது, 78 சுற்றுகளில் 67ஆவதில், போர்ட்டியர் வளைவில் தடுப்பில் மோதி வெளியேறினார். அணியின் பக்கமே திரும்பாமல் அந்த ஊரிலேயே இருந்த தம் வீட்டுக்குப் போய்விட்டார். மணிக்கணக்கில் அவரோடு யாராலும் பேச முடியவில்லை. செயலில் அவ்வளவு ஆழமாகக் கரைந்தவரால் பலன் போனதைத் தாங்க முடியவில்லை. கரைந்துபோவது ஓர் அனுபவம். இருபத்துநான்கு மணி நேரத்தில் அது வந்து போய்விடுகிறது.

அதைவிடக் கடினமான சாட்சியம் 1990இல் ஜப்பானின் சுசுகாவில் நடந்த பந்தயம். முந்தைய ஆண்டு அதே இடத்தில் புரோஸ்டும் அவரும் மோதிக்கொண்டார்கள். சென்னா மீண்டும் ஓடி முதலாவதாக வந்தும் தகுதி நீக்கம் செய்யப்பட்டார், பட்டம் புரோஸ்டுக்குப் போனது. 1990இல் தொடக்க வரிசையின் முதலிடமான போல் பொசிஷனை வென்ற சென்னா, அந்த இடம் தடத்தில் டயர்ப் பிடிப்பு குறைந்த பக்கத்தில் இருக்கிறது, மறுபக்கத்துக்கு மாற்றுங்கள் என்று கேட்டார். மாற்றவில்லை. அவருடைய குறை நியாயமானது என்றே நினைக்கிறேன். அக்டோபர் 21 அன்று பந்தயம் தொடங்கியதும் புரோஸ்ட் முந்தினார். முதல் வளைவில் சென்னா ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை. இரண்டு கார்களும் மணலில் போய் நின்றன, பட்டம் சென்னாவுக்கு வந்தது. புரோஸ்ட் முந்தினால் விடுவதில்லை என்று முன்பே முடிவு செய்திருந்ததை ஓராண்டு கழித்து, அடுத்த பட்டத்தையும் வென்ற பிறகு, அவரே ஒப்புக்கொண்டார். பதற்றத்தில் நேர்ந்த பிழை இல்லை இது. நிதானமாக எடுத்த முடிவு, நடுங்காத காலால் நிறைவேற்றியது. பின்னால் இருபதுக்கும் மேற்பட்ட கார்கள் அந்த வளைவை நோக்கி வந்துகொண்டிருந்தன. ஜப்பானிய ஜென் துறவி தகுவான், ஷோகுனின் வாள்பயிற்சி ஆசிரியருக்கு எழுதிய அறிவுரையில், மனம் எதிராளியின் வாளில் தங்கக்கூடாது, எங்குமே தங்காமல் ஓடவேண்டும் என்கிறார். தங்காத அந்த மனம் வாளை யார்மேல் வீசுவது என்பதைச் சொல்லித்தராது. நிதானம் அறத்துக்கும் உதவும், அடாவடிக்கும் உதவும்.

சென்னா பைபிள் படிப்பவர், கடவுள் தம்மோடு இருப்பதாகத் தயக்கமில்லாமல் பேசியவர். கடவுளை நம்புவதால் தனக்கு ஒன்றும் ஆகாது என்று அவர் எண்ணுகிறார், அது மற்றவர்களுக்கு ஆபத்து என்று புரோஸ்ட் வெளிப்படையாகவே குற்றம்சாட்டினார், சென்னா மறுத்தார். நான் இதில் நம்பிக்கையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றமாட்டேன். பலனைக் கடவுளிடம் ஒப்படைப்பது எல்லாச் சமயங்களும் அறிந்த வழி. வைணவத்தின் சரணாகதி அதன் முழு வடிவம். ஒப்படைத்துவிட்டால் பட்டம் புரோஸ்டுக்குப் போவதும் அவன் சித்தமாகத்தான் இருக்கவேண்டும். சுசுகாவில் நடந்தது வேறு. கடவுள் அங்கே சென்னாவின் பக்கத்து நியாயத்துக்குச் சாட்சியாகிவிட்டார். பக்தி பற்றைக் கரைக்கவும் கூடும், பற்றுக்குப் பலம் சேர்க்கவும் கூடும். பக்தி இருக்கிறது என்பதை வைத்து மட்டும் எது நடந்தது என்று சொல்ல முடியாது. இதே சென்னா 1992இல் பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில், பயிற்சி ஓட்டத்தின்போது எரிக் கோமாஸ் மோதி நினைவிழந்து கிடப்பதைக் கண்டு, காரை நிறுத்திவிட்டு மற்ற கார்கள் வரும் தடத்தில் ஓடிப்போய் உதவினார். அதையும் சேர்த்துத்தான் அந்த மனிதரை எடைபோடவேண்டும். பற்றின்மை ஒருவரிடம் நிரந்தரமாகக் குடியிருக்கும் குணம் இல்லை என்பதையும் அது காட்டுகிறது. ஒவ்வொரு தடவையும் புதிதாக நேரவேண்டிய ஒன்று அது.

நான் சொல்ல வந்தது முழுமையாக நேர்ந்த ஒரு சந்தர்ப்பம் என்று 1976இல் ஜப்பானின் ஃபூஜியில் நடந்த பந்தயத்தைத்தான் காட்டுவேன். அந்த ஆண்டு ஆகஸ்ட் 1 அன்று ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் நிக்கி லௌடாவின் ஃபெராரி மோதித் தீப்பிடித்தது. சக ஓட்டுநர்கள்தான் அவரை எரியும் காரிலிருந்து வெளியே இழுத்தார்கள். முகமும் தலையும் வெந்திருந்தன, நச்சுப்புகை நுரையீரலைக் கெடுத்திருந்தது. மருத்துவமனையில் பாதிரியார் வந்து இறுதிச் சடங்கு செய்தார். ஆறு வாரத்தில், செப்டம்பர் 12 அன்று, புண் ஆறாத தலையில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு இத்தாலியின் மொன்சாவில் ஓட்டி நான்காவதாக வந்தார். பட்டத்தின்மேல் இதைவிடப் பெரிய பற்று இருக்க முடியுமா? ஆசையில்லாதவர் என்று யாரும் அவரைச் சொல்ல முடியாது. அக்டோபர் 24 அன்று கடைசிப் பந்தயம், ஃபூஜியில். பட்டத்துக்குப் போட்டியிட்ட ஜேம்ஸ் ஹண்டைவிட லௌடா மூன்று புள்ளி முன்னிலையில் இருந்தார். கொட்டும் மழை, பனிமூட்டம், தடத்தின் குறுக்கே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அகன்ற பின்டயர்கள் தண்ணீரை வாரியடிக்கும்போது பின்னால் வருபவருக்கு முன்னால் வெள்ளைச் சுவரைத் தவிர எதுவும் தெரியாது. தொடக்கத்தைத் தள்ளிப்போட்டார்கள், பிறகு நடத்தியே தீர்வது என்று முடிவானது. லௌடா இரண்டு சுற்று ஓட்டினார். காரை அணிகள் நிற்கும் பிட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்தினார். இந்த நிலையில் ஓட்டுவது பைத்தியக்காரத்தனம் என்றார்.

அதன்பிறகு நடந்ததுதான் என் வாதத்தின் மையம். அணியின் தலைமைப் பொறியாளர் மாவ்ரோ ஃபோர்கியேரி, எஞ்சினில் கோளாறு என்று சொல்லிவிடலாமா என்று கேட்டார். அன்போடு கேட்டது அது, ஒருவரைக் காப்பாற்றுவதற்காக. லௌடா வேண்டாம் என்றார். தாமே நிறுத்தியதாகத்தான் வெளியே சொன்னார். ஹண்ட் டயர் தேய்ந்து பிட்டுக்கு வந்து, இடம் இழந்து, மீண்டும் முன்னேறி மூன்றாவதாக முடித்தார். 69க்கு 68, ஒரு புள்ளியில் பட்டம் ஹண்டுக்குப் போனது. பட்டத்தை விட்டதை மட்டும் வைத்து நான் லௌடாவைப் புகழவில்லை. பட்டத்தை விட்டபின்னும் ஒரு பலன் மிச்சமிருந்தது: தைரியசாலி என்ற பெயர். நெருப்பிலிருந்து எழுந்து வந்து, எஞ்சின் கைவிட்டதால் மட்டும் தோற்ற வீரன் என்ற கதை. ஒரு சின்னப் பொய்க்கு அது முழுதாகக் கிடைத்திருக்கும், அதுவும் இன்னொருவர் சொல்லவிருந்த பொய். செல்வத்தை விட்டவர்களும் சுகத்தை விட்டவர்களும் புகழை விட மாட்டாமல் நின்றுவிடுவதைத் துறவைப் பற்றி எழுதியவர்கள் எல்லாக் காலத்திலும் எச்சரித்திருக்கிறார்கள். லௌடா அதையும் அந்த பிட்டிலேயே விட்டார். இத்தாலியில் அவரைக் கோழை என்றவர்கள் இருந்தார்கள். அதைச் சுமந்துகொண்டு அடுத்த ஆண்டு அதே ஃபெராரியில் பட்டம் வென்றார். பற்றை விட்டதற்குப் பரிசாகத்தான் 1977 பட்டம் வந்தது என்று எழுத எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது. அப்படி எழுதினால் பற்றின்மை மறுபடியும் உத்தியாகிவிடும், இதுவரை சொன்னதெல்லாம் கவிழ்ந்துவிடும். 1977 வராமல் போயிருந்தாலும் ஃபூஜியின் மதிப்பு ஒரு துளியும் குறையாது.

இதற்கு இரண்டு மறுப்புகள் வரும். அது வெறும் பயம், அதற்கு ஏன் இவ்வளவு பெரிய பெயர் என்பது முதலாவது. பயம்தான். தீயில் வெந்து மூன்று மாதம்கூட ஆகாத மனிதருக்குப் பயம் இல்லாமல் இருந்திருந்தால்தான் வியக்கவேண்டும். ஆனால் பயம் அவரை என்ன செய்ய வைத்தது என்று பார்க்கவேண்டும். பயந்தவர்கள் பெரும்பாலும் பயத்தை மறைப்பார்கள், அல்லது மறைப்பதற்காகவே ஓட்டிக்கொண்டிருப்பார்கள். பயத்தை மூடிமறைக்க அவருக்கு அவசியம் இல்லாமல் போனதுதான் இங்கே கவனிக்கத்தக்கது. அன்று எமர்சன் ஃபிட்டிபால்டி உட்பட வேறு சிலரும் நிறுத்திவிட்டார்கள் என்பது உண்மை. அவர்களில் யாருக்கும் அன்று இழக்க உலகப் பட்டம் இருக்கவில்லை.

இரண்டாவது மறுப்பு வலுவானது, நெடுநாள் என்னை யோசிக்க வைத்தது. வில்லைக் கீழே போட்ட அருச்சுனனைக் கண்ணன் எழுந்து போர்செய் என்றுதானே சொன்னான்? லௌடா வில்லைக் கீழே வைத்தவர். தன் தொழிலை, தன்னை நம்பிக் கூலி கொடுத்த அணியைப் பாதியில் விட்டுப் போவது எப்படிப் பற்றின்மை ஆகும், அது கடமை தவறியது அல்லவா? கீதையின் முதல் அத்தியாயத்தைக் கவனமாகப் படித்தால் விடை அங்கேயே இருக்கிறது. அருச்சுனன் என்னால் முடியவில்லை என்று சொல்லி நிறுத்திக்கொள்வதில்லை. குலதர்மம் அழியும், பித்ருக்கள் வீழ்வார்கள், பாவம் வரும் என்று அடுக்குகிறான். தன் துயரத்துக்குச் சாஸ்திரத்தைப் போர்த்துகிறான். கண்ணன் தன் உபதேசத்தைத் தொடங்குவதே அறிவாளியைப்போலப் பேசிக்கொண்டு துயரப்படுகிறாயே என்ற கண்டிப்போடுதான். லௌடா எதையும் போர்த்தவில்லை. போர்த்திக்கொள்ள நீட்டப்பட்டதையும் திருப்பிக் கொடுத்தார். இன்னொன்று: அருச்சுனன் விலகினால் அவனை நம்பி நிற்பவர்கள் அழிவார்கள். ஃபூஜியில் லௌடா விலகியதால் யாரும் அழியவில்லை, ஓர் அணி ஒரு பட்டத்தை இழந்தது. கடமை என்ற சொல்லை ஒரு மனிதரின் உயிர்வரை நீட்டும் உரிமை பந்தயத்துக்கு உண்டு என்று நான் ஒப்பவில்லை. அது 1970களின் பந்தயம் என்பதை நினைவில் வைக்கவேண்டும். 1973இல் பிரான்சுவா செவேர், 1974இல் பீட்டர் ரெவ்சன், 1975இல் மார்க் டோனஹ்யூ என்று ஆண்டுதோறும் ஓட்டுநர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள்.

பற்றின்மை என்றால் வாயை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்வதா என்ற கேள்வியும் இங்கே வருகிறது. 2008 நவம்பர் 2 அன்று சாவ் பாவ்லோவின் இன்டர்லாகோஸில், தன் ஊர் மக்கள் முன்னால், ஃபெலிப்பே மாசா முதலாவதாக வந்து கோட்டைத் தாண்டினார். அந்த நேரத்துக் கணக்கில் அவர் உலகச் சாம்பியன். அவர் வீட்டார் கொண்டாடத் தொடங்கினார்கள். பின்னால் மழையில் உலர்தளத்து டயரோடு தடுமாறிய டிமோ க்ளாக்கைக் கடைசி வளைவுகளில் தாண்டி ஹாமில்டன் ஐந்தாவதாக வந்தார். ஒரு புள்ளியில் பட்டம் அவருடையதாயிற்று. ஏறக்குறைய 39 விநாடிகள்தான் மாசாவிடம் அது இருந்தது. மேடையில் ஏறி அழுதுகொண்டே நெஞ்சில் தட்டிக் கூட்டத்துக்கு நன்றி சொன்னார். யார்மேலும் பழி போடவில்லை. அதே மாசா 2024இல் லண்டன் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 2008 சிங்கப்பூர் பந்தயத்தில் ரெனோ அணி தன் ஓட்டுநரை வேண்டுமென்றே மோதச் செய்தது 2009இல் அம்பலமானது, அந்தப் பந்தயத்தை அப்போதே செல்லாததாக்கியிருந்தால் பட்டம் தமக்கு வந்திருக்கும் என்பது அவர் வாதம். அப்படியானால் மேடையில் பார்த்தது பொய்யா என்று கேட்கிறார்கள். இல்லை என்பேன். இன்டர்லாகோஸில் அவர் ஏற்றுக்கொண்டது ஒரு தோல்வியை. நீதிமன்றத்தில் அவர் எதிர்ப்பது ஒரு மோசடியை. அநீதியைச் சகித்துக்கொள் என்று எந்தப் பற்றின்மையும் கேட்கக்கூடாது. வழக்கு அவருக்குள் என்ன செய்கிறது என்பது வேறு விஷயம். நீதி கேட்கும் உரிமை நாளடைவில் பட்டத்தின் ஏக்கமாக மாறிவிடும் ஆபத்து உண்டுதான், ஆனால் அது மாறியதா இல்லையா என்று வெளியிலிருந்து தீர்ப்புச் சொல்ல எனக்கோ வேறு யாருக்கோ தகுதி இல்லை.

கடைசியாக ஒரு மறுப்பு, ஓட்டுநர்களே சொல்வது. பசி இல்லாதவன் வெல்லமாட்டான், பலனை விட்டவன் கை தளர்ந்துவிடும் என்பார்கள். இதற்கு ஜாக்கி இக்ஸைத்தான் பதிலாகச் சொல்வேன். 1970 செப்டம்பரில் மொன்சா பயிற்சியில் யோகன் ரிண்ட் இறந்தபோது 45 புள்ளிகளோடு முதலிடத்தில் இருந்தார். இக்ஸிடம் இருந்தவை 19. மீதமிருந்த மூன்று பந்தயங்களையும் வென்றால் 46. இறந்த மனிதரை ஒரு புள்ளியில் தாண்டிவிடலாம். கனடாவில் இக்ஸ் வென்றார். அமெரிக்காவின் வாட்கின்ஸ் கிளெனில் எரிபொருள் குழாய் பழுதாகி பிட்டுக்கு வர நேர்ந்தது; மீண்டும் தடத்துக்குப் போய் முழு வேகத்தில் ஓட்டி, பந்தயத்திலேயே வேகமான சுற்றைப் பதிவுசெய்து நான்காவதாக வந்தார். பட்டம் ரிண்ட் பெயருக்கு உறுதியானது. கோப்பையை ரிண்டின் மனைவி நீனா பெற்றுக்கொண்டார். தாம் வெல்லாமல் போனதில் நிம்மதி என்று இக்ஸ் பின்னாளில் சொன்னார். அதை அறிந்த பிறகு வாட்கின்ஸ் கிளென் ஓட்டத்தை மறுபடி நினைத்துப்பார்க்கவேண்டும். ஜெயிக்கவேண்டாம் என்று உள்ளூர இருந்தவரின் கை தளரவில்லை. பட்டம் போய்விட்ட பின்பு நடந்த மெக்சிகோ பந்தயத்தையும் அவரே வென்றார். இக்ஸுக்கு எதிரில் இருந்தவர் இறந்துபோனவர் என்பதால் அவருக்கு அது கூடியதோ, உயிரோடு பக்கத்துத் தடத்தில் ஓடுபவரிடமும் ஒருவர் அப்படி இருக்க முடியுமோ என்பதற்கு இக்ஸின் கதையில் விடை இல்லை. ஃபூஜியில்கூட லௌடாவின் இரண்டாவது விருப்பம் தன் உயிரைக் குறித்தது, ஹண்டைக் குறித்தது அல்ல. அந்த ஒரு படியை ஏறிய ஓட்டுநரை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.